விளிம்பில் நிற்பவர்கள்

நம் விமர்சனத்தில் 'ஆழம்' என்ற வார்த்தை தாராளமாகப் புழங்குகிறது. இந்தக் கவிதையில் ஆழம் இருக்கிறது, அந்த நாவலில் ஆழம் போதவில்லை, இன்னாருடைய பார்வை மேலோட்டமானது - இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் தீர்ப்பு வழங்கியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி. சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆழம் என்பது ஒரு அளவு. அளவு என்றால், அளக்கிறவன் ஏதோ ஒரு இடத்தில் நின்றாக வேண்டும். இந்தச் சாதாரண விஷயம் எனக்கு உறைத்தது வடமெக்சிகோவில், சிவாவா மாநிலத்தின் தென்மேற்கே, சியர்ரா மாத்ரே மலைகளுக்குள் 2023 அக்டோபரில் சில நாட்கள் ஊர் சுற்றியபோது. ஆகவே இது பிரயாணக் கட்டுரை போலவும் இருக்கும், விமர்சனத்தைப் பற்றிய முறையீடு போலவும் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்தப் பிரதேசத்துக்கு வெளியுலகத்தில் 'செம்புப் பள்ளத்தாக்கு' என்று பெயர். ஸ்பானிஷில் பார்ராங்கா தெல் கோப்ரே. உண்மையில் அது ஒரு பள்ளத்தாக்கு அல்ல. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பல. உரீக்கே, பாதோபிலாஸ், சின்ஃபொரோசா, காந்தமேன்யா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. அவற்றில் ஒன்றன் பெயரைச் சுற்றுலா எடுத்துக்கொண்டு மொத்தத்துக்கும் வைத்துவிட்டது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிப் பாறையாயிற்று. பிறகு நிலம் உயர்ந்தது. ஆறுகள் அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு கீழே போயின. உரீக்கே ஆறு அறுத்த இடத்தில் விளிம்புக்கும் அடிக்கும் நடுவே 1,800 மீட்டருக்கும் மேல். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைவிட நான்கு மடங்கு பெரியது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ரயிலில் எனக்கு எதிரே இருந்த பள்ளி ஆசிரியர் சொன்னார். க்ரீல் ஊரில் விடுதிக்காரப் பெண்மணி சொன்னார். எதை எதனால் அளந்து நான்கு மடங்கு என்று இருவருமே சொல்லவில்லை. பக்கத்து நாட்டுக்காரனுடைய பள்ளம் இல்லாமல் தங்கள் பள்ளத்தைப் பற்றிப் பேச முடியாத நிலைமை அது. இலக்கியத்திலும் இது நமக்குப் பரிச்சயமான நிலைமைதான்.

போகிற வழி ரயில். சிவாவா நகரத்திலிருந்து பசிபிக் பக்கம் லோஸ் மோச்சிஸ் வரை 650 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 37 பாலங்கள், 86 குகைகள். கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளான 'சே'யையும் 'பே'யையும் சேர்த்து 'எல் சேப்பே' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். யோசனை பிறந்தது 19-ஆம் நூற்றாண்டில். ஆல்பர்ட் ஓவன் என்ற அமெரிக்க எஞ்சினியர் டெக்ஸாஸிலிருந்து பசிபிக்குக்குக் குறுக்குவழி தேடினார். போகிற போக்கில், பாதை முடிய வேண்டிய தொபொலொபாம்போ துறைமுகத்தில் கூட்டுறவு லட்சிய சமுதாயம் ஒன்றையும் 1886-ல் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது கலைந்துபோயிற்று. 1900-ல் ஆர்தர் ஸ்டில்வெல் என்பவர் கான்ஸாஸ் நகரத்தையும் பசிபிக்கையும் இணைப்பதாகக் கம்பெனி ஆரம்பித்தார். அதுவும் நொடித்தது. இடையில் மெக்சிகோவில் புரட்சி நடந்து முடிந்தது. கடைசியில் அரசாங்கமே மிச்சத்தைப் போட்டு 1961 நவம்பரில் திறந்து வைத்தது. இத்தனை பேருடைய கவலையும் சரக்கும் துறைமுகமும்தான். மலையழகு திட்டத்தில் இருக்கவில்லை. மலை குறுக்கே கிடந்த இடைஞ்சல். அந்த இடைஞ்சலைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்குகிற காலம் பிற்பாடு வந்தது.

திவிசாதெரோ என்ற நிறுத்தத்தில் ரயில் கால்மணி நேரம் போல நிற்கிறது. அந்தப் பெயருக்கே தூரத்தைப் பார்க்கிற இடம் என்றுதான் அர்த்தம். நேரம் போதாது என்று ரயில் சிப்பந்தி இரண்டு தரம் எச்சரித்திருந்ததால் எல்லோரும் இறங்கி ஓடினோம். படிக்கட்டில் இருபுறமும் கடைகள். எண்ணெய்ப் பீப்பாய்களை அடுப்பாக்கி விறகு எரித்து, மேல்தகட்டில் மக்காச்சோள மாவு அடைகளைச் சுட்டு, உள்ளே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ மிளகாயோ வைத்துக் கொடுக்கிறார்கள். பைன் ஊசியிலையால் பின்னிய கூடைகளோடு ரராமுரிப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் - பூப்போட்ட அகலமான பாவாடை, தலையில் கட்டிய துணி. அவர்கள் கூவி விற்பதில்லை. கேட்டால் விலையைச் சொல்கிறார்கள்; பேரம் பேசினால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். இதையெல்லாம் தாண்டினால் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கப்பால் தரை இல்லை.

கண் வழக்கம்போல அடுத்த தரையைத் தேடிப் போகிறது. கிடைக்காமல் கீழே கீழே இறங்குகிறது. மலைமுதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போகின்றன. எது கிட்டே, எது எட்டே என்று தெரிவதில்லை. நெடுநேரம் பார்த்த பிறகு - நெடுநேரம் என்பது அங்கே ஐந்து நிமிஷம் - எங்கோ அடியில் ஒரு தகரக் கூரை வெயிலில் மின்னிற்று. பக்கத்தில் நின்றவர் தன் மனைவியிடம், "அங்கே யாரோ இருக்கிறார்கள்" என்றார், வெள்ளைச் சுவரில் ஒரு கறையைக் கண்டுபிடித்தவர் மாதிரி. பிறகு ரயில் ஊதியது.

அந்தக் கால்மணி நேரத்தை நான் இகழ விரும்பவில்லை. காமிராக்காரர்களைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் பிரமித்தது நிஜம், நானும் பிரமித்தேன். உடம்புக்குள் எதுவோ ஒரு படி தவறியது மாதிரி இருந்தது. கேள்வி அந்தப் பிரமிப்பின் யோக்கியதை பற்றியது அல்ல. அது எதைப் பற்றிய பிரமிப்பு என்பது பற்றியது.

*

பாஊயிச்சிவோ என்ற நிலையத்தில் இறங்கி, செரோகாவி கிராமம் வழியாக, காய்யேகோ குன்றின் விளிம்பிலிருந்து உரீக்கே ஊருக்கு ஒரு பாதை இறங்குகிறது. மேலே 2,000 மீட்டருக்கு மேல். கீழே ஊர் இருப்பது 550 மீட்டர் உயரத்தில். என்னை அழைத்துப்போன வண்டிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், அடியில் பிறந்தவர். விளிம்பில் என்னை இறக்கிவிட்டுச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். எல்லோரும் இங்கே நிற்பார்கள், ஆகவே நானும் நிற்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே ஆறு ஒரு நூல். நான் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன்:

"இந்தப் பள்ளத்தாக்குக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?"

"எந்தப் பள்ளத்தாக்கு, ஸெந்யோர்?"

"இதுதான், நமக்கு முன்னால் இருப்பது."

அவர் பார்த்தார். கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அந்தச் சரிவுக்கு ஒரு பெயர், ஓடை இறங்குகிற இடுக்குக்கு ஒரு பெயர், எதிர்ப்பக்கம் ஒரு ஓக் மரக் கூட்டத்துக்கு ஒரு பெயர், ஆறு திரும்புகிற இடத்துக்கு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு சொன்னார். மொத்தத்துக்கு ஒன்று சொல்லவில்லை. சிகரெட் முடிந்ததும், "போகலாமா? வெயில் ஏறினால் கீழே கஷ்டம்" என்றார்.

இறங்க இறங்கப் பைனும் ஓக்கும் விலகுகின்றன. முட்புதர் வருகிறது, கள்ளி வருகிறது, காற்று கனக்கிறது. மேலே குளிர்காலத்தில் பனி பெய்கிற அதே மாவட்டத்தில், அடியில் மாமரமும் பப்பாளியும் ஆரஞ்சும் காய்க்கின்றன. ரராமுரிகளில் பல குடும்பங்கள் இந்த வித்தியாசத்தை வைத்தே வருஷத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள்: கோடையில் மேலே மக்காச்சோளம், அவரை, குளிரில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே. நமக்கு விளிம்பும் அடியும் இரண்டு துருவங்கள். அவர்களுக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

உரீக்கேயில் இரண்டு நாள் தங்கினேன். நீண்ட ஒரு தெரு, பக்கத்தில் ஆறு, இரண்டு பக்கமும் சரிவு. நான் தலையைத் தூக்கிப் பள்ளத்தாக்கைத் தேடினேன். அது இல்லை. சரிவு இருந்தது, சரிவுக்கு மேல் இன்னொரு சரிவு, பிறகு வானம். விளிம்பு தெரியவில்லை. நான் நின்ற குன்று எது என்றும் அடையாளம் சொல்ல முடியவில்லை. மேலே மூச்சை நிறுத்திய அந்த மகா வஸ்து, உள்ளே வந்து பார்த்தால் காணாமல் போய்விட்டது. ஆற்றில் ஒருத்தி துணி துவைத்தாள். ஒரு கழுதை தெருவில் நின்றது. ஆழம் எங்கே? நான் அதற்குள்தான் இருந்தேன்.

பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்பவனுக்கு மட்டுமே உண்டு. அடியில் இருப்பவனுக்கு இருப்பது இடம் - தண்ணீர் எங்கே, நிழல் எத்தனை மணிக்கு வரும், எந்தச் சரிவில் ஆடு ஏறும் என்பன. ஒரு கவிதையை ஆழமானது என்று சொல்கிறவன் அதற்கு வெளியே, மேலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் சொன்னது கவிதையைப் பற்றி அல்ல. தனக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி. கவிதைக்குள் இறங்கிப் போனவனிடம் இந்த வார்த்தை இருக்காது. பன்னிரண்டு பெயர்கள் இருக்கும்.

*

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். க்ரீலுக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறைகள் நிறைந்த ஒரு வெளி இருக்கிறது. சுற்றுலா வரைபடத்தில் 'துறவிகளின் பள்ளத்தாக்கு'. அங்கி அணிந்த பாதிரிகள் கூட்டமாக ஜெபத்துக்கு நிற்பதுபோல என்று விளக்கம். ரராமுரி மொழியில் அதன் பெயர் பிசபீராச்சி. விறைத்த குறிகள் நிற்கும் இடம் என்று அதற்குப் பொருள் என வழிகாட்டிகள், கூட இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி சொல்கிறார்கள். ஏசுசபைப் பாதிரிகள் 17-ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்குள் வந்தவர்கள். அதே பாறைகள்தான். ஒரு பெயர் உயிர்ப்பையும் இன்னொன்று அதைத் துறந்ததையும் சொல்கிறது. பாறை இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நான் அங்கே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். துறவிகள் தெரிந்தார்கள், பெயரைக் கேட்டிருந்தபடியால் மற்றதும் தெரிந்தது. இரண்டும் தெரியாமல் பார்க்க எனக்குச் சாத்தியப்படவில்லை.

இந்த இடத்தில் ஆர்த்தோவைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். நவீன நாடகம் பற்றி ஒரு வாக்கியம் எழுதுகிறவர்களுக்கும் அந்தோனின் ஆர்த்தோவின் பெயர் தெரியும். தாராவுமாரா என்ற பெயரை - ரராமுரிகளை வெளியார் அழைக்கிற பெயர் அது - நம்மில் சிலராவது முதலில் பார்த்தது அவர் எழுத்தில்தான். 1936-ல் அவர் மெக்சிகோ வந்தார். ஐரோப்பிய நாகரிகம் செத்துவிட்டது, மருந்து இங்கே இருக்கிறது என்று நம்பி வந்தார். க்ரீலைத் தாண்டி மலையைக் கடக்கும் ரயில் அப்போது கிடையாது. குதிரை மேல் போனார், அபின் வகைப் போதையை நிறுத்தியதன் வாதையோடு போனார். பெயோத்தே சடங்கில் கலந்துகொண்டார். அவர் நிஜமாகவே போனாரா என்று சந்தேகித்தவர்களும் உண்டு. போனார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அக்டோபரில் மெக்சிகோவின் 'எல் நாசியோனல்' பத்திரிகையில் 'குறிகளின் மலை' என்ற கட்டுரை வந்தது. பாறைகளில் அவர் மனித உடல்களைக் கண்டார், வதைக்கப்பட்ட உருவங்களைக் கண்டார், அவை குறிப்பிட்ட எண்ணிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். இயற்கை தற்செயலாக இப்படி இராது, இது ஒரு மொழி என்று முடிவு செய்தார்.

அந்தப் பக்கங்கள் சாதாரண எழுத்து அல்ல. சுற்றுலாக்காரன் எழுதியதும் அல்ல. அவர் தன்னைப் பணயம் வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டே அயர்லாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, 1946 வரை மனநோய் விடுதிகளில் இருந்தார். தாராவுமாரா பற்றி எழுதுவதைக் கடைசிவரை விடவில்லை. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: ஆர்த்தோவும் விளிம்பில்தான் நின்றார். அவருடைய விளிம்பு பாரிஸில் இருந்தது. ஒரு பாறையைக்கூட அவர் பாறையாக விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றும் அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் நோய்க்கு மருந்தாக இருப்பது தவிர அந்த மலைக்கு வேறு ஜோலி இருக்கக்கூடும் என்ற நினைப்பு அந்தப் பக்கங்களில் இல்லை. மலையில் சோளம் விளைந்ததா என்று அவரிடம் கேட்பது அநியாயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவரை வாசிக்கிற நாம் கேட்கலாம். நம்மிடம் குதிரையும் இல்லை, வாதையும் இல்லை. அவருடைய குறிகளை மட்டும் வாங்கிக்கொண்டு நாம் எழுதும் 'மலைக் கவிதை'களுக்கு அந்தப் பணயத்தின் நியாயம்கூடக் கிடையாது.

ஆர்த்தோவுக்கு 70 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு புத்தகம் வந்தது. கிறிஸ்டோஃபர் மெக்டூகல் 2009-ல் எழுதிய 'பார்ன் டு ரன்'. இந்த மலைக்காரர்கள் டயர் ரப்பரை வெட்டிச் செய்த செருப்போடு நூறு மைல் ஓடுகிறார்கள் என்பது அதன் மூலம் உலகப் பிரசித்தம் ஆயிற்று. விஷயம் பொய்யில்லை. 1993-ல் அமெரிக்காவில் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் வென்ற விக்டோரியானோ சூர்ரோவுக்கு அப்போது வயது 55. 2017-ல் லொரேனா ராமிரெஸ் என்ற பெண் பாவாடையும் செருப்புமாக 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஆர்த்தோவுக்குப் பாறைகள் கொடுத்ததை இந்தத் தலைமுறைக்கு அவர்களுடைய கால்கள் கொடுத்தன: இழந்துபோன ஆதி ரகசியம். அவர்கள் ஊர்களில் ஓட்டம் என்பது மரப்பந்தைக் காலால் எத்திக்கொண்டு, கிராமத்துக்குக் கிராமம் பந்தயம் கட்டி, பகலும் இரவுமாக ஓடுவது. பிறகு சோளக் கள் குடிப்பது. அந்தக் கள்ளும் பந்தயமும் புத்தகத்தில் இருந்தாலும் செருப்புக் கடைகள் வரை வந்து சேரவில்லை.

*

2012 ஜனவரியில் மெக்சிகோ முழுவதும் ஒரு செய்தி பரவியது. சியர்ராவில் பஞ்சம், பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாத ரராமுரிகள் பள்ளத்தாக்கு விளிம்பிலிருந்து குதித்துச் சாகிறார்கள், ஐம்பது பேர் குதித்துவிட்டார்கள். நகரங்களில் உணவு மூட்டைகள் குவிந்தன. சில நாட்களில் அது மறுக்கப்பட்டது. அப்படி யாரும் கூட்டமாகக் குதிக்கவில்லை. பொய்யாகாமல் மிஞ்சியது வறட்சி. அதற்கு முந்தின ஆண்டு மழை பொய்த்திருந்தது, சோளம் விளையவில்லை, பசி நிஜம்.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. பசி பல மாதமாக அங்கே இருந்தது, நிதானமாக, குடிசை குடிசையாக. அதைப் பார்க்க யாரும் இல்லை. விளிம்பிலிருந்து ஒருவன் விழுகிற பிம்பம் கிடைத்ததும் தேசம் பார்த்துவிட்டது. ஏனென்றால் அந்த நிலப்பரப்பு பற்றித் தேசத்துக்குத் தெரிந்தது விளிம்பு ஒன்றுதான். ஆகவே துயரமும் விளிம்புக்கு வந்து நின்று காட்டினால்தான் துயரம். பொய் யாரோ ஒருவன் திட்டமிட்டுச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பார்வைமேடையே அதைத் தயாரித்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு, அழகுணர்ச்சியோடுகூட. படிமம் படிமம் என்று இத்தனை ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம். ஒரு சக்திவாய்ந்த படிமம் தான் குறிக்கிற விஷயத்தையே தின்றுவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

ரராமுரியில் 'கோரிமா' என்று ஒரு சொல். சிவாவா நகரத்துத் தெருக்களில் குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள் கை நீட்டி இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். நகரத்தார் இதைப் பிச்சை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மலையில் அதற்கு வேறு அர்த்தம்: விளைச்சல் இல்லாதவன் விளைந்தவனிடம் பங்கு கேட்பது. கேட்பதில் குறைவில்லை, கொடுப்பதில் பெருமையுமில்லை. நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. அடுத்த வருஷம் மழை யார் வயலில் பெய்யும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இந்தச் சொல்லை அகராதியில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நான் கொடுத்ததை வாங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனபோது, அவள் என்னை ஒரு சமூகத்துக்குள் சேர்த்துக்கொண்டு, உடனே மறந்தும் விட்டாள் என்று தோன்றிற்று. மற்றபடி எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் மொழியில் 'சபோச்சி' என்று பெயர் - முகத்தில் மயிர் உள்ளவர்கள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

திவிசாதெரோவுக்குப் பக்கத்தில் இப்போது சாகசப் பூங்கா ஒன்று இருக்கிறது. 2010 முதல் ஏறத்தாழ 2.75 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொங்கும் கம்பிவண்டி ஓடுகிறது. பின்னால் இரண்டரை கிலோமீட்டர் கம்பியில் மனிதர்களைத் தொங்கவிட்டுச் சறுக்க வைக்கிற ஏற்பாடும் வந்தது. பள்ளத்துக்கு மேலே, ஆனால் பள்ளத்தில் கால் படாமல். அதன் ஓரங்களில் ரராமுரிக் குடியிருப்புகள் உண்டு. அவற்றில் உயித்தோசாச்சி என்ற சிறு சமூகம், எங்கள் நிலத்தில் எங்களைக் கேட்காமல் சுற்றுலா நடக்கிறது என்று வழக்காடி, 2012 மார்ச்சில் மெக்சிகோ உச்ச நீதிமன்றத்தில் வென்றது. திட்டத்தின் ஆலோசனைக் குழுவில் பூர்வகுடிகளுக்கு இடம் தர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பஞ்ச வதந்தி நாடு முழுக்கப் பரவிய அதே வருஷம். குதிக்கும் ரராமுரியை எல்லோருக்கும் தெரிந்தது. வழக்காடி ஜெயித்த ரராமுரியை எத்தனை பேருக்குத் தெரிந்தது?

உரீக்கேயிலிருந்து ஏறி வருகையில் செரோகாவி தேவாலயத்தில் சற்று நேரம் இருந்தேன். 2022 ஜூன் 20 அன்று அதற்குள்ளே மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துரத்தப்பட்டு உள்ளே ஓடி வந்த ஒருவர். அவரைக் காக்க வந்த ஏசுசபைப் பாதிரிகள் ஹவியர் காம்போஸ், ஹொவாக்கின் மோரா. இருவரும் எண்பதை ஒட்டிய கிழவர்கள். அந்த மலையில் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள். துரத்தப்பட்டவருடைய தொழில் சுற்றுலா வழிகாட்டி, வெளியூர்க்காரர்களுக்கு விளிம்புகளைக் காட்டுவது. கொன்றவன் அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த போதைக் கும்பல்காரன். இந்தச் சரிவுகளில் கசகசா விளைகிறது, மரம் திருட்டுப் போகிறது, எதிர்த்தவர்கள் சாகிறார்கள் - காடு வெட்டுவதை எதிர்த்த இசிதுரோ பால்தெனெக்ரோ 2017 ஜனவரியில் அப்படித்தான் போனார். நான் போன அன்று தேவாலயத்தில் ஒரு பெண் பூச்சாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. விளிம்பிலிருந்து பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது. காற்று சுத்தமாக இருக்கிறது, நூறு மைல் தெரிகிறது, ஒரு தகரக் கூரை மின்னுகிறது.

அப்படியானால் எல்லோரும் அடியில் போய்க் குடியிருக்க வேண்டுமா? நடக்கிற காரியமில்லை. இரண்டு நாள் உரீக்கேயில் தங்கிவிட்டதால் நான் அடியைச் சேர்ந்தவன் ஆகிவிடவும் இல்லை. வாசகன் பிரயாணி, ஏறி இறங்கித் திரும்ப வேண்டியவன். விளிம்பு தரும் காட்சியை அடியில் இருப்பவன் தர முடியாது, ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று விளிம்பிலிருந்துதான் தெரியும். விமர்சனம் என்ற காரியத்துக்கே அந்தத் தூரம் தேவை. என் சச்சரவு தூரத்தோடு அல்ல. தூரத்தை மறைத்துவிட்டு, அதைப் படைப்பின் குணமாக எழுதிவிடுகிற பழக்கத்தோடுதான்.

அடுத்த தடவை 'ஆழமான கவிதை' என்று எழுத வரும்போது நான் செய்ய நினைப்பது இவ்வளவே. எங்கே நின்று பார்த்தேன், எவ்வளவு நேரம் நின்றேன், கீழே இறங்கினேனா, இறங்கியிருந்தால் எந்தச் சரிவுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்டேன் - இதைச் சொல்லிவிடுவது. பெயர் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்வது. கால்மணி நேரம் மட்டுமே நின்றிருந்தால் கால்மணி நேரம் என்று எழுதுவது. அதில் அவமானம் எதுவும் இல்லை. ரயில் அவ்வளவு நேரம்தான் நிற்கிறது.